பழைய கேமரா, பெரியம்மா, கூழைக்கடா: புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு

கேமரா வாங்கிய மறுவாரமே வேடந்தாங்கலுக்குக் கிளம்பிய ஆள் நான். அது ஜூலை மாதம். ஏரியில் தண்ணீர் இல்லை, பறவையும் இல்லை. வழியில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளையும் ஒரு காக்கையையும் எடுத்துக்கொண்டு மத்தியானம் வீடு திரும்பினேன். காக்கையும் கலங்கலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்க் கோயில் எடுத்தேன். வீட்டு மனிதர்களை எடுக்கலாம் என்று தோன்றியது கடைசியில்தான். 14 மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நான் போன வரிசையே தலைகீழ். முகம் எடுக்கக் காசு வேண்டாம். ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், சொதப்பினால் நாளைக்கு மறுபடி எடுக்கலாம். பயணத்துக்குப் பஸ் காசும் விடியற்காலை எழும் பழக்கமும் வேண்டும். பறவைக்கோ பெரிய லென்ஸ், சரியான மாதம், வேகமான கை என்று எல்லாமே வேண்டும். எனவே முதலில் முகம், அப்புறம் பயணம், கடைசியில் பறவை. இந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். சொல்லியிருக்கும் விலைகள் எல்லாம் சென்னையில் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

1. ஒரு மாதம் போனிலேயே எடுங்கள்

கேமராவுக்குப் பணம் சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம். போனில் தினம் ஒரே பொருளைக் காலை 7 மணிக்கும், மத்தியானம் 12 மணிக்கும், மாலை 5 மணிக்கும் எடுங்கள். நான் எடுத்தது மொட்டை மாடித் தொட்டிச் செடி. ஒரு வாரத்திலேயே மத்தியான வெயில் ஏன் ஆகாது என்று யாரும் சொல்லாமல் புரிந்துவிடும். இந்த மாதத்தில் ஆர்வம் வடிந்துவிட்டால் குறைந்தது 30,000 ரூபாய் மிச்சம்.

2. பழைய கேமரா வாங்குவது

முதல் கேமரா பழையதாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. புதுசு வாங்கினால் வரி மட்டுமே 18 சதவீதம் ஜிஎஸ்டி, பெட்டியைப் பிரித்ததுமே விலையும் விழுந்துவிடும். நான் வாங்கியது நிக்கான் டி5600, கூடவே 18-55 லென்ஸ் (இந்த எம்எம் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும்), 27,000 ரூபாய். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு, கண்ணாடி உள்ள இந்த மாதிரி டிஎஸ்எல்ஆர்களைப் பலர் விற்றுத் தள்ளுகிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு அது லாபம்தான்.

வாங்கப் போகும்போது பகலில் போங்கள். ஒரு எஸ்டி கார்டு, போனில் டார்ச், முடிந்தால் ஒரு லேப்டாப் எடுத்துப் போங்கள். நான் இப்போது பார்க்கும் வரிசை இது.

முதலில் காகிதம். அசல் பில் இருக்கிறதா? பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் ஒட்டியுள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா? மூன்றும் ஒன்றாக இருந்தால் மேலே பேசுங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், விற்பவரின் அடையாள அட்டை நகலும், “இன்ன எண்ணுள்ள கேமராவை இன்ன தேதியில் இவ்வளவு ரூபாய்க்கு இவருக்கு விற்றேன்” என்று கையெழுத்திட்ட ஒரு தாளும் வாங்குங்கள். அதற்கும் தயங்குகிறாரா? எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுக் கேமராவாக இருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்பினால் அதுவும் ஒரு சாட்சி.

அடுத்து ஷட்டர் எண்ணிக்கை. கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது வண்டிக்குக் கிலோமீட்டர் மாதிரி. நிக்கானில் இது சுலபம். ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்போடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் விவரத்தைப் பார்த்தால் எண் அதிலேயே இருக்கும். கேனனில் பெரும்பாலான மாடல்கள் இதைப் படத்தில் எழுதுவதில்லை, அதற்குத் தனி மென்பொருள் தேட வேண்டும். இந்த ரகக் கேமரா ஒரு லட்சம் படம் வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 30,000க்குள் இருந்தால் நிம்மதி. கல்யாண போட்டோகிராபரிடமிருந்து வருகிற கேமராவில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் லென்ஸ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். அது பரவாயில்லை, எல்லா லென்ஸிலும் கொஞ்சம் இருக்கும். சிலந்தி வலையின் இழை மாதிரி, அல்லது கண்ணாடி ஜன்னலில் மழைநீர் காய்ந்த கோடு மாதிரி கிளை பிரிந்து தெரிந்தால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் புகும் துளை, எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்துப் பாருங்கள். படம் பதியும் சென்சாரில் அழுக்கு இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். திரும்பும் திரை, உள்ளே இருக்கும் ஃபிளாஷ், கார்டு போடும் இடம், பேட்டரி உப்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். விற்பவர் அவசரப்படுத்தினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இங்கே நான் விழுந்த குழியைச் சொல்ல வேண்டும். முகம் எடுக்க 50 எம்எம் லென்ஸ் நல்லது என்று படித்துவிட்டு, ஒரு கடையில் 5,500 ரூபாய்க்கு நிக்கான் 50 எம்எம் எஃப் 1.8 வாங்கினேன். “சார், இதே லென்ஸை வெளியில் ஒன்பதாயிரத்துக்குக் குறைந்து வாங்க முடியாது” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபோக்கஸ் ஆகவே மாட்டேன் என்கிறது. ரிப்பேரோ என்று பயந்து மறுநாள் ஓடினேன். ரிப்பேர் இல்லை. நான் வாங்கியது ‘டி’ வகை. அதற்கு ஃபோக்கஸ் மோட்டார் கேமராவுக்குள் இருக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் கிடையாது. ‘ஜி’ வகைதான் வாங்கியிருக்க வேண்டும். திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், வேறொருவருக்கு 4,000க்கு விற்றேன்.

லென்ஸ் பெயரில் வரும் எழுத்துகளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள் என்பதற்காகத்தான் இந்தக் கதை. இன்னும் இரண்டு உண்டு. நிக்கானின் ‘ஏஎஃப்-பி’ வகை லென்ஸ்கள் டி3100, டி5100 போன்ற பழைய கேமராக்களில் வேலை செய்யாது. டி5300ல் வேலை செய்யும், ஆனால் கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். பறவைக்கு வாங்கும் ஏஎஃப்-பி 70-300 லென்ஸிலும் இரண்டு ரகம் இருக்கின்றன: கை நடுக்கத்தைக் குறைக்கும் விஆர் உள்ளது, இல்லாதது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். விஆருக்கு லென்ஸின் மேல் பொத்தானும் கிடையாது. பெயரில் ‘விஆர்’ என்று அச்சாகியிருக்கிறதா என்று படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

3. டப்பா, சிலிக்கா ஜெல், கார்டு

கேமராவோடு வாங்கிய பையில் கேமராவை வைத்து பீரோவில் பூட்டினேன். நவம்பர் மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் 18-55 லென்ஸுக்குள் மேலே சொன்ன அதே சிலந்தி இழை. சுத்தம் செய்ய 1,800 ரூபாய். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இது வருமா வராதா என்ற கேள்வியே இல்லை, எப்போது வரும் என்பதுதான்.

இதற்கு வைத்தியம் மலிவு. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், மூன்றும் சேர்த்து எனக்கு 900 ரூபாய். மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும். 60ஐத் தாண்டினால் ஜெல் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், நிறமும் மாறியிருக்கும். இரும்புச் சட்டியில் சிறு தீயில் சூடாக்கி ஆறவைத்துத் திரும்பப் போடலாம். அந்தச் சட்டியில் மறுபடி தாளிக்காதீர்கள். அரிசி போட்டு வைத்தால் போதும் என்று சொல்வார்கள். அரிசி மாவுத் தூசியைத்தான் லென்ஸுக்குள் அனுப்பும்.

64 ஜிபி கார்டு இரண்டு வாங்குங்கள், ஒன்றே பெரிதாக வேண்டாம். போலிக் கார்டுகள் நிறைய வருகின்றன. வெளியில் 128 என்று எழுதியிருக்கும், உள்ளே 16தான் இருக்கும். நிறையும்வரை ஒன்றும் தெரியாது, அப்புறம் எடுத்த படமெல்லாம் திறக்காது. அப்படி ஒன்றில் 700 ரூபாய் போனது. புதுக் கார்டை கம்ப்யூட்டரில் முழுக்க ஒருமுறை நிரப்பிச் சோதித்த பிறகே வெளியூர் கொண்டுபோங்கள்.

ஊதும் ரப்பர் பல்பு 250 ரூபாய். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கடைக்காரர் கேட்காமலே எடுத்து வைக்கும் யூவி ஃபில்டர், 1,400 ரூபாய் மூன்று கால் ஸ்டாண்டு இரண்டையும் தைரியமாக வேண்டாம் என்று சொல்லலாம். என் ஸ்டாண்டில் இப்போது கொசுவலை கட்டியிருக்கிறோம்.

4. முதல் மூன்று மாதம்: வீட்டு ஜன்னல்

வீட்டில் வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலைக் கண்டுபிடியுங்கள். காலையில் மேற்கு ஜன்னல், மாலையில் கிழக்கு ஜன்னல், நாள் முழுக்க வடக்கு ஜன்னல். அறையில் எரியும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் பச்சையாகவோ மஞ்சளாகவோ அடிக்கும்.

நான் முதலில் உட்காரவைத்தது பெரியம்மாவை. கேமராவைப் பார்த்ததும் உடம்பு விறைத்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவது போல் உட்கார்ந்தார். பத்து படம் எடுத்தும் ஒன்றும் தேறவில்லை. “டேய், மொச்சை உரிக்கணும்டா, எவ்வளவு நேரம் இப்படியே உட்கார்றது?” என்றார். சரி, இங்கேயே உரியுங்கள் பெரியம்மா என்று முறத்தை மடியில் வைத்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் அவருக்கு நான் இருப்பதே மறந்துவிட்டது. ஒரு மொச்சை துள்ளிக் கட்டிலுக்கடியில் ஓடியபோது சிரித்தார் பாருங்கள், இன்றைக்கும் என்னிடம் இருக்கும் நல்ல படம் அதுதான். எனவே யாரை எடுத்தாலும் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்.

அமைப்பு எளிதுதான். ஆள் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், இரண்டு மூன்று அடி தள்ளி. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் மிகவும் இருட்டாக இருந்தால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை அந்தப் பக்கம் சாய்த்து வையுங்கள், நிழல் இளகிவிடும். கேமராவை, அப்பர்ச்சரை நாமே அமைக்கும் ‘ஏ’ மோடில் வைத்து அப்பர்ச்சரை எஃப் 2.8க்குக் கொண்டுபோங்கள். லென்ஸ் எஃப் 1.8 வரை போகிறதே என்று அதிலேயே எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறுகண் மங்கலாகவும் வரும். எனக்கு முதல் மாதம் முழுக்க அப்படித்தான் வந்தது, லென்ஸ் கோளாறு என்றே நினைத்தேன். ஃபோக்கஸ் புள்ளி ஒன்றே ஒன்று. அதைக் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணின் மேல் வையுங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்குக் கீழே போகாதபடி மெனுவில் அமைத்துவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் கண்ணாடியில் ஜன்னல் தெரியும். தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னால் போய்விடும். அதற்கும் போகவில்லை என்றால் கண்ணாடிக் காம்பைக் காதின் மேல் அரை விரல் உயர்த்தினால் போதும்.

50 எம்எம் லென்ஸ் இல்லாமலும் இதைச் செய்யலாம். கூட வரும் 18-55 லென்ஸை 55ல் வைத்து, ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக ஆளை உட்கார வையுங்கள், பின்னாலுள்ள சுவர் தூரமாக இருக்கட்டும். 18ல் வைத்துக் கிட்டே போய் முகத்தை எடுக்காதீர்கள். மூக்கு மட்டும் பெரிதாக வந்து, எடுத்தவர் மேல் கோபம் வரும்.

5. தெரியாதவர்களின் முகம்

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்று தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கிறவர்கள் உண்டு. அந்தப் படங்களில் முகம் இருக்கும், பார்வை இருக்காது. காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் முதலில் அரை மணி நேரம் பேசினேன். அப்புறம், “ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றேன். “எத்தனை பேர்டா எடுத்துட்டுப் போறீங்க, ஒருத்தனாவது கொண்டுவந்து காட்டினானா?” என்றார். ஸ்டுடியோவில் 4க்கு 6 அளவில் பிரிண்ட் போட 15 ரூபாய்தான். மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போனால் டீ வாங்கித் தருகிறார், மற்றவர்களிடம் அவரே சொல்லி நிற்கவும் வைக்கிறார்.

படத்துக்குக் காசு கொடுத்துப் பழக்காதீர்கள். குழந்தைகளை எடுப்பதானால் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். படத்தைப் போட்டிக்கு அனுப்பவோ விற்கவோ எண்ணம் இருந்தால், அவர் பெயர், கையெழுத்து, தேதி, எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்பதைத் தமிழிலேயே எழுதிய ஒப்புதல் தாள் ஒன்றை அங்கேயே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆளைத் தேடிப் போவது நடக்கிற காரியம் இல்லை. போட்டிகளின் விதிமுறையில், அனுப்பும் எல்லாப் படங்களின் உரிமையும் நடத்துகிறவருக்கே என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அனுப்பாதீர்கள்.

6. பயணம்: மாமல்லபுரத்திலிருந்து தொடங்குங்கள்

சென்னையில் இருக்கிறவர்களுக்கு மாமல்லபுரத்தை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு இரண்டுமே கிழக்கைப் பார்த்தவை. காலை வெயில் நேராக முகத்தில் விழும். பத்து மணிக்கு ஆடி அசைந்து போனால் சிற்பத்தின் மேடு பள்ளமெல்லாம் தட்டையாகிவிடும். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து நான் பைக்கில் 4:30க்குக் கிளம்பி, வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போகிறேன். பஸ்ஸில் வருகிறவர்கள் முதல்நாள் இரவே போய்த் தங்கினால்தான் சரிப்படும்.

இந்தியர்களுக்குக் கட்டணம் 40 ரூபாய், ஆன்லைனில் எடுத்தால் 35. அதே சீட்டில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டையும் அன்றே பார்க்கலாம். சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். தொல்லியல் துறையின் இடங்களில் சாதாரணமாகப் படம் எடுக்கத் தனிக் கட்டணம் இல்லை, வீடியோவுக்கு உண்டு. ஸ்டாண்டு கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். ட்ரோனை நினைக்கவே வேண்டாம். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். தாம்பரம், சூலூர் விமானப் படைத் தளங்களின் சுற்றுச்சுவருக்கும் இதே எச்சரிக்கைதான்.

வழிபாடு நடக்கும் கோயில்களில் கதை வேறு. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னதிலிருந்து பல இடங்களில் போனை வாசலில் ஒப்படைக்க வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனும் முடியாது, கேமராவும் முடியாது. உள்ளே விடவில்லையே என்று புலம்பிக்கொண்டு நிற்காமல் சித்திரை வீதிகளில் நடங்கள். விடியற்காலையில் பூக்கூடைகள் இறங்கும் நேரத்தில் கோபுரம் பின்னால் நிற்க வேண்டிய படம் அங்கேதான் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் வெளிப் பிராகாரத்தில் எடுக்கலாம், கருவறைப் பக்கம் கூடாது. அது மத்தியானம் சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்காமல் ஒரு மணிக்குப் போய் வெயிலில் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

பெரிய கோயிலின் விமானத்தை (கருவறைக்கு மேலே எழும் கோபுரம்) முழுதும் அடக்க வேண்டும் என்று அடியில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் அது பின்னால் சாய்ந்துவிடும். பின்னால் நடங்கள், முடிந்தவரை நடங்கள். கேமராவை நேராகப் பிடித்து, கீழே வரும் வெற்றுத் தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். ஒரு மனிதரையாவது படத்துக்குள் வரவிடுங்கள். கோபுரம் 60 மீட்டருக்கு மேல் உயரம் என்பது அவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் தெரியும்.

பையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, கேமரா பில்லின் புகைப்படம், கூடுதல் பேட்டரி, ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர். விமானத்தில் போனால் உதிரி பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையோடுதான். 100 வாட்-அவர் (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை தடையில்லை. டி5600 பேட்டரி 9 வாட்-அவர்கூட இல்லை. கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள், உப்பு ஒட்டியிருக்கும்.

7. கடைசியாகப் பறவை

முதலில் தொலைவு லென்ஸ். நான் 70-300 விஆரைப் பழையதாக 10,500 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தக் கேமராவில் அது 450 எம்எம் அளவுக்கு நெருங்கிக் காட்டும். போதுமா என்றால் சின்னப் பறவைகளுக்குப் போதாது. ஆனால் லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கும் முன் இதில் ஒரு சீசன் முழுக்க எடுத்துப் பாருங்கள்.

பழகுவதற்கு வேடந்தாங்கல் வேண்டாம், பள்ளிக்கரணை போங்கள். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையை ஒட்டியே சதுப்பு நிலம் இருக்கிறது. வருடம் முழுக்க நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கொக்குகள். குளிர்காலத்தில் பூநாரையும் வரும். சாலையில் வண்டிகள் பறக்கும், வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நகராதீர்கள். அங்கேயே உள்ள சூழல் பூங்காவுக்குள் போய் எடுப்பது பாதுகாப்பு.

கேமராவில் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். ஷட்டர் முக்கியம்: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. அப்பர்ச்சர் 300ல் எஃப் 6.3, அதை மாற்ற ஒன்றுமில்லை. ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சம் 3200. படத்தில் புள்ளி விழுமே என்று ஐஎஸ்ஓவைக் குறைத்து ஷட்டரைக் கோட்டைவிடாதீர்கள். புள்ளியைச் சரிசெய்யலாம், ஆட்டத்தைச் சரிசெய்ய முடியாது. ஃபோக்கஸ், நகரும் பறவையைத் தொடரும் ஏஎஃப்-சியில், படம் தொடர்ச்சியாக விழும்படி.

அடுத்தது நான் புரிந்துகொள்ள இரண்டு மாதம் எடுத்துக்கொண்ட விஷயம். கேமரா எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால், தண்ணீர் இருட்டாக இருக்கிறதே என்று மொத்தத்தையும் வெளுத்துவிடும். கொக்கு சலவைக்கு நீலம் அதிகம் போட்ட வேட்டி மாதிரி, ஒரு இறகுகூடத் தெரியாமல் பளீரென்று நிற்கும். அந்த இடத்தில் எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்ச அளவு) ‘+/-’ பொத்தானால் 0.7 முதல் 1 வரை குறையுங்கள். இதற்கு நேர்மாறு, பட்ட மரத்தில் இறக்கை விரித்துக் காயும் நீர்க்காகம். பின்னால் வெளுத்த வானம் என்பதால் பறவை கரிக்கட்டையாகிவிடும். அதற்கு 1 கூட்டுங்கள். கண்ணை எடுக்காமல் இந்த ஒரு பொத்தானை அழுத்தி டயலைத் திருப்பக் கை பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது வேடந்தாங்கல். நவம்பர் முதல் மார்ச் வரை, அதிலும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடம் என்றால் போகாதீர்கள். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் பறவை கூடு கட்டும். கிளம்பும் முன் தண்ணீர் இருக்கிறதா, அன்று திறந்திருக்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள், என் ஜூலைப் பயணம் இந்த ஒரு போனைச் செய்யாததால் வந்தது. ஜிஎஸ்டி சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். நுழைவுக்கு ஒரு சீட்டு, கேமராவுக்குத் தனிச் சீட்டு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு கூட்டம் தாங்காது, ஒரு நாள் லீவு போட்டு வார நாளில் போவதுதான் புத்திசாலித்தனம்.

பறவைகள் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டியிருக்கும், நீங்கள் கரையில். 300 எம்எம்மில் தனிப் பறவையின் கண்ணை எடுக்க முடியாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். வாயில் சுள்ளியோடு வந்திறங்கும் நத்தைகுத்தி நாரை, ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும், தலைக்கு மேல் கப்பல் மாதிரி மிதந்து போகும் கூழைக்கடா, இவையெல்லாம் இந்த லென்ஸுக்குள் அழகாக அடங்கும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் தண்ணீரிலிருந்து வெப்பம் எழும்பி, தூரத்துப் படங்கள் எல்லாம் நெளியும். எவ்வளவு விலை லென்ஸ் என்றாலும் நெளியும். அப்போது கேமராவைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். கூட்டம் ஒத்துவராதவர்களுக்குப் பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது.

சிவப்பு, ஆரஞ்சு சட்டை வேண்டாம். ஃபிளாஷ் வேண்டாம். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பது கூடவே கூடாது. கூடு கட்டும் காலத்தில் தாய்ப்பறவை பதறிப் பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். சரணாலயத்துக்கு வெளியே எங்காவது கூடு கண்டால் இடத்தைப் போட்டு ஊருக்குச் சொல்லாதீர்கள்.

8. எடுத்ததைக் காப்பது

வீட்டுக்கு வந்த அன்றே கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டுடிஸ்கில் ஒன்று என்று இரண்டு பிரதி. அதற்குப் பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள், அதையும் கேமராவுக்குள் வைத்தே. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பாக எடுங்கள். கொக்கு கொஞ்சம் வெளுத்திருந்தாலும் மீட்கலாம். திருத்த நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, டார்க்டேபிள் இரண்டும் இலவசம். 300 படம் எடுத்தால் பத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் அழியுங்கள்.

9. மொத்தச் செலவும், எப்போது எதை வாங்குவது என்பதும்

கேமராவும் 18-55 லென்ஸும் 27,000. பை 1,600, கார்டுகள் 1,500, உதிரி பேட்டரி 1,200, டப்பா சாமான் 900, ஊதும் பல்பு 250. ஆக, தொடங்க 32,450 ரூபாய். மூன்று மாதம் ஜன்னலில் எடுத்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் 50 எம்எம் ‘ஜி’ 9,000. பறவைக்குப் போகும்போது 10,500. மொத்தம் 51,950.

நான் செலவழித்தது 58,450. வித்தியாசம் 6,500 எங்கே போனது என்றால்: ‘டி’ லென்ஸ் நஷ்டம் 1,500, ஃபங்கஸ் 1,800, ஸ்டாண்டு 1,400, யூவி ஃபில்டர்கள் 1,100, போலிக் கார்டு 700. பெட்ரோலை இதில் சேர்க்கவில்லை.

நீங்கள் இதைப் படிப்பது ஆகஸ்டுக்கு முன்னால் என்றால் இப்போதே பழைய கேமரா தேடத் தொடங்குங்கள். மூன்று மாதம் ஜன்னல், இடையில் ஒரு மாமல்லபுரம், டிசம்பரில் வேடந்தாங்கல் என்று கணக்கு சரியாக வரும். அக்டோபர் ஆகிவிட்டதென்றால் டப்பாவை முதலில் வாங்குங்கள், மழை வந்துவிடும். பிப்ரவரி தாண்டிவிட்டதா? அப்படியானால் தொலைவு லென்ஸை இந்த வருடம் வாங்காதீர்கள், டப்பாவுக்குள் சும்மா கிடக்கும்.